கினி எண்ணை வைத்து நீதி பேசும்போது எங்கே சறுக்குகிறோம்

ஏற்றத்தாழ்வு பற்றிப் பேச்சு வந்தாலே ஒருவர் கினி எண்ணைத் தூக்கிப் போடுவார் (வருமானமோ செலவோ மக்களிடையே எவ்வளவு ஏற்றத்தாழ்வாக இருக்கிறது என்று காட்டும் அளவு; 0 என்றால் எல்லோருக்கும் சமம், 100 என்றால் எல்லாம் ஒருவரிடமே), அடுத்தவர் ரால்ஸ் என்பார், இன்னொருவர் நோசிக் என்பார் (இருவரும் நீதி பற்றி எழுதிய அமெரிக்கத் தத்துவவாதிகள்), அங்கேயே குழப்பம் ஆரம்பம்.

நான் அதிகம் பார்க்கிற தவறு, கினி குறைந்தால் ரால்ஸுக்குத் திருப்தி என்று நினைப்பது. ஒரு கற்பனை நாட்டில் அடிமட்டத்தில் இருப்பவருக்கு மாதம் 10,000 ரூபாய், மேலே இருப்பவருக்கு 20,000. இன்னொரு நாட்டில் கீழே 15,000, மேலே 90,000. கினி முதல் நாட்டைத்தான் மெச்சும். ஜான் ரால்ஸ் 1971இல் சொன்ன விதியோ, ஏற்றத்தாழ்வால் கடைசியில் நிற்பவருக்கு என்ன கிடைத்தது என்று கேட்கிறது, ஆகவே இந்த இரண்டில் அவர் பக்கம் சாய்வது 15,000 கிடைக்கிற நாடு. அதற்காக உடனே அதற்குச் சான்றிதழ் கொடுத்துவிடாதீர்கள். அந்த 90,000 ரூபாய் வேலைக்கு ஏழை வீட்டுப் பிள்ளையும் நியாயமாகப் போட்டி போட முடிகிறதா, பணக்காரர் கையில் அரசியல் போய்விட்டதா என்பதையெல்லாம் அவர் இந்த விதிக்கு முன்னால் வைக்கிறார். பாதிப் பேர் இதைச் சொல்வதே இல்லை.

நோசிக்கைப் பணக்காரர்களின் வக்கீல் என்று ஒதுக்குவதும் அவசர வேலை. 1974இல் ராபர்ட் நோசிக் கேட்டது, சொத்து எந்த வழியில் வந்தது என்று. சரி, அதையே தென்னாப்பிரிக்காவில் கேட்டுப் பாருங்கள். உலக வங்கிக் கணக்கில் 2014இல் அங்கே கினி 63, உலகிலேயே மிக மோசமானவற்றில் ஒன்று. 1913ஆம் ஆண்டு நிலச் சட்டம் கறுப்பின மக்களுக்கு விட்டுவைத்தது நாட்டு நிலத்தில் சுமார் 7 சதவீதம்தான். பறித்துச் சேர்த்ததற்கு நோசிக்கிடம் நியாயம் கிடையாது, பழைய அநீதியைச் சரிசெய்தாக வேண்டும் என்பதும் அவர் கோட்பாட்டிலேயே இருக்கிறது. அவர் பெயரைச் சொல்லியே நில மீட்பு கேட்கலாம்!

அப்புறம், எண்ணையே தப்பாக எடுப்பது. 2025 ஜூலையில், உலகின் நான்காவது சமத்துவ நாடு இந்தியா என்று அரசுச் செய்திக்குறிப்பு ஒன்று வந்தது. ஆதாரம், உலக வங்கி தந்த 25.5. அது 2022-23இல் குடும்பங்கள் செய்த செலவை வைத்துப் போட்ட கணக்கு, பக்கத்தில் வைத்த பல நாடுகளுக்கோ வருமானக் கணக்கு. பணக்காரர் சம்பாதிப்பதையெல்லாம் செலவழிப்பதில்லை, அதனால் செலவை வைத்துப் பார்த்தால் இடைவெளி சின்னதாகத்தான் தெரியும். வருமானத்தை வைத்துப் பார்த்தால் 2023இல் இந்தியாவின் கினி 62 என்கிற இன்னொரு மதிப்பீடும், அந்த 25.5 வந்த அதே உலக வங்கிக் குறிப்பில்தான் இருந்தது.