பைக்கில் ஒட்டியிருக்கும் எச்சரிக்கை ஸ்டிக்கரை பெயிண்ட் கெடாமல் எடுப்பது எப்படி?

புது பைக்கின் டேங்க் மேல் ‘ஹெல்மெட் அணியவும்’, ‘கையேட்டைப் படித்துவிட்டு ஓட்டவும்’ என்று பொடி எழுத்தில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். வாங்கிய முதல் வாரமே உரித்தால் பெரும்பாலும் முழுசாக வந்துவிடும். ஆனால் அப்போது யாருக்கும் அது கண்ணில் படுவதில்லை. இரண்டு கோடை தாண்டி, ஓரம் சுருண்டு, அழுக்கு ஏறிய பிறகுதான் உறுத்த ஆரம்பிக்கும். நகத்தால் சுரண்டினால் மேல்தாள் துண்டு துண்டாகப் பிய்ந்து வரும், பசை அப்படியே நிற்கும்.

இந்த ஸ்டிக்கர்கள் எளிதில் வராததற்குக் காரணம் உண்டு. மழை, வெயில், பெட்ரோல் எல்லாவற்றையும் தாங்கி வண்டி இருக்கும் வரை ஒட்டியிருக்க வேண்டும் என்றுதான் இவற்றைச் செய்கிறார்கள். நாளாக ஆக அந்தப் பசையின் பிடிப்பு கூடும், மேல்தாளோ வெயிலில் காய்ந்து நொறுங்கும். அதனால் தாளோடு மல்லுக்கட்டிப் பயனில்லை. பசையை இளக்கினால் தாள் தானாகக் கிளம்பும்.

எடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

ஸ்டிக்கரின் ஓரத்தில் நகத்தை மெல்ல ஓட்டிப் பாருங்கள். விளிம்பு தட்டுப்பட்டால் அது பெயிண்டுக்கு மேலே இருக்கிறது, எடுக்கலாம். எதுவும் தட்டுப்படாமல் வழுக்கிப் போனால் கிளியர் கோட்டுக்கு, அதாவது கலருக்கு மேல் அடிக்கும் நிறமில்லாத பூச்சுக்கு, அடியில் இருக்கிறது. கம்பெனி டிசைன்கள் பலவும் இப்படித்தான். அதைத் தொடாதீர்கள். மேலே இருக்கும் கிளியர் கோட் சுமார் 40 முதல் 50 மைக்ரான், அதாவது தலைமுடியைவிட மெலிசு. சுரண்ட ஆரம்பித்தால் நேராகக் கலரில் போய் நிற்பீர்கள்.

டேங்க் ஏற்கெனவே ரீ-பெயிண்ட் ஆனதா என்பதும் முக்கியம். செகண்ட் ஹேண்ட் வண்டி என்றால் விற்றவரிடம் கேட்டுவிடுங்கள். சரியாகப் பிடிக்காத பெயிண்ட் ஸ்டிக்கரோடு சேர்ந்து உரிந்து வரும்.

செயின் கவரிலோ, பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மிலோ டயர் காற்றழுத்தம், செயின் தளர்வு அளவு எழுதிய ஸ்டிக்கர் இருந்தால் அதை விட்டுவிடுங்கள் என்பேன். பஞ்சர் கடையில் நிற்கும்போது கையேடு கையில் இருக்காது. எடுத்தே தீருவேன் என்றால் முதலில் போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். சேஸிஸ் எண் உள்ள தகடு, நம்பர் பிளேட் மேல் இருக்கும் ஹாலோகிராம் பக்கமே போக வேண்டாம்.

படி 1: கழுவுங்கள்

ஷாம்பு கலந்த தண்ணீரில் அந்த இடத்தைக் கழுவி, காட்டன் துணியால் ஒற்றி எடுங்கள். அலுப்பு பார்த்து இதைத் தாண்டிப் போகாதீர்கள். டேங்கில் கோடு விழுவது பெரும்பாலும் ஸ்டிக்கரால் அல்ல, தூசியோடு சேர்த்துத் தேய்ப்பதால்தான்.

படி 2: சூடு காட்டுங்கள்

செயின் கவர், மட்கார்டு போன்ற இடங்களுக்கு ஹேர் டிரையர் போதும். 15 முதல் 20 செ.மீ. தள்ளிப் பிடித்து, ஒரே இடத்தில் நிறுத்தாமல் முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டே ஒன்றிரண்டு நிமிடம் காட்டுங்கள். விரல் வைத்தால் சூடாக இருக்க வேண்டும், ஆனால் வைத்த விரலை எடுக்கும்படி சுடக் கூடாது. பட்டறையில் இருக்கும் ஹீட் கன் வேண்டவே வேண்டாம். அதன் காற்று 500 டிகிரியைத் தாண்டும், பிளாஸ்டிக் கண்ணெதிரே வளைந்துவிடும்.

பெட்ரோல் டேங்குக்கு நான் ஹேர் டிரையரைச் சொல்ல மாட்டேன். டேங்க் மூடியில் காற்றுப் போக ஒரு சிறு வழி இருக்கும், அதன் வழியாக பெட்ரோல் ஆவி கசியலாம். டிரையருக்குள்ளே இருப்பதோ சிவக்கக் காயும் கம்பிச் சுருள். இதற்குச் சுடுதண்ணீர்த் துணியே போதும். துண்டை நனைத்துப் பிழிந்து, மடித்து ஸ்டிக்கர் மேல் போடுங்கள். ஆறியதும் மறுபடி நனைத்துப் போடுங்கள். மூன்று நான்கு முறையில் இளகிவிடும்.

படி 3: உரியுங்கள்

பொறுமை வேண்டிய இடம் இதுதான். ஒரு மூலையை விரல் நகத்தால் கிளப்புங்கள். வராவிட்டால் பழைய ஏடிஎம் கார்டின் ஓரத்தைச் சாய்வாக நுழைக்கலாம். பிளேடு, ஸ்க்ரூ டிரைவர், சாவி எதையும் கிட்டக் கொண்டுவராதீர்கள்.

மூலை கையில் கிடைத்ததும் மேல்நோக்கி இழுக்கக் கூடாது. பின்பக்கமாக மடித்து, டேங்கை ஒட்டிப் படுத்தாற்போல், மெதுவாக இழுங்கள். சரியான வேகத்தில் இழுத்தால் பசை மெல்லிய நூலாக நீண்டு, தாளோடு சேர்ந்தே வரும். ‘சர்ர்’ என்று சத்தம் கேட்டால் வேகம் அதிகம் அல்லது சூடு போதவில்லை. நிறுத்திவிட்டு மறுபடி சூடு காட்டுங்கள். சில ஸ்டிக்கர்கள், எடுத்தால் உடைய வேண்டும் என்றே செய்யப்பட்டவை, பொட்டுப் பொட்டாகத்தான் வரும். அப்படி இருந்தால் தாளைத் துரத்தாமல் அடுத்த படிக்குப் போய், எண்ணெயில் ஊறவிட்டு எடுங்கள்.

படி 4: மிச்சப் பசை

பிசுபிசுப்பாக நிற்கும் பசைக்கு என் முதல் தேர்வு நீலகிரித் தைலம். ஊட்டிப் பக்கம் போனவர்கள் வீட்டில் ஒரு பாட்டில் எப்படியும் இருக்கும். முதலில் டேங்கின் அடிப்பக்கம் கண்ணில் படாத இடத்தில் ஒரு சொட்டு வைத்து, கலர் துணியில் ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறவில்லை என்றால் துணியில் நனைத்துப் பசை மேல் ஐந்து நிமிடம் ஒட்ட வைத்து, விரல் நுனியால் வட்டமாக உருட்டுங்கள். பசை சிறு உருண்டைகளாகத் திரண்டு வரும். டபிள்யூடி-40 என்ற துரு இளக்கும் ஸ்ப்ரே, மண்ணெண்ணெய் இரண்டும் இதே வேலையைச் செய்யும். மண்ணெண்ணெய் வாடைதான் போகாது.

பெயிண்ட் இல்லாத பிளாஸ்டிக், ஹெட்லைட் கண்ணாடி, வைசர் ஆகியவற்றுக்கு இவை எதுவும் வேண்டாம். தேங்காய் எண்ணெயை அரைமணி நேரம் ஊறவிட்டு, ஷாம்பு போட்டுக் கழுவுங்கள். நேரம் பிடிக்கும், ஆனால் வெடிப்பு விழாது.

தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர் இரண்டும் பெயிண்டையே கரைப்பவை. பெட்ரோல் நனைத்த துணியால் துடைப்பது மெக்கானிக் கடைகளில் வழக்கம்தான், பசையும் போகும். சூடான இன்ஜினுக்கு அரையடி மேலே அதைச் செய்ய எனக்குத் துணிவில்லை.

படி 5: கழுவி, பாலிஷ்

எண்ணெய்ப் பிசுக்கு போக மறுபடி ஷாம்பு போட்டுக் கழுவி, உலர்ந்ததும் கொஞ்சம் வாக்ஸ் தடவுங்கள். மேட் ஃபினிஷ் வண்டி என்றால் பாலிஷ், வாக்ஸ், அழுத்தித் தேய்ப்பது எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள். தேய்த்த இடம் மட்டும் பளபளக்கும், அதைத் திரும்ப மேட் ஆக்க முடியாது.

எல்லாம் முடிந்தும் ஸ்டிக்கர் இருந்த வடிவில் ஒரு நிழல் தெரியலாம். அது பசை அல்ல. சுற்றியிருக்கும் பெயிண்ட் வெயிலில் வெளுத்திருக்கிறது, ஸ்டிக்கருக்கு அடியில் இருந்தது வெளுக்கவில்லை. மெல்லிய பாலிஷ் போட்டுச் சுற்றுப்புறத்தைத் தேய்த்தால் ஓரளவு குறையும். சிவப்பு வண்டியில் இந்த நிழல் அதிகமாகத் தெரியும், வெள்ளையில் தேடினாலும் கிடைக்காது.