இடிக்கப்பட்ட தெருவில் நடப்பது எப்படி? டர்பன் நினைவு நடைக்கு ஒரு செய்முறை

பாட்டி குடியிருந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்று தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வாழும் நம்மில் பலருக்கும் ஆசை உண்டு. காரில் போய், கண்ணாடிக்கு வெளியே கையைக் காட்டி, “இங்கதான் எங்கயோ” என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவோம். அதையே நடந்து செய்து பாருங்கள். நடையையே கலையாகச் செய்பவர்கள் உலகில் இருக்கிறார்கள். இங்கிலாந்தின் ரிச்சர்ட் லாங் 1967-இல் ஒரு புல்வெளியில் முன்னும் பின்னுமாக நடந்துகொண்டே இருந்தார். புல் மடிந்து கோடு தெரிந்ததும் படம் எடுத்தார், அதுவே அவர் படைப்பு. காவடி எடுத்தும் கிரிவலம் வந்தும் பழகிய நமக்கு இதில் விளங்காதது ஒன்றுமில்லை.

நமக்கு இது வேறொரு காரணத்துக்காகவும் தேவைப்படுகிறது. இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த 1950-இன் குரூப் ஏரியாஸ் சட்டத்துக்குப் பின், டர்பனின் மேகஸின் பாரக்ஸ், கேட்டோ மேனர் பகுதிகளில் இருந்த ஆயிரக்கணக்கான நம் குடும்பங்கள், இந்தியருக்கென ஒதுக்கிய சாட்ஸ்வர்த்துக்குப் பெயர்க்கப்பட்டன. வீடுகளை இடித்தாயிற்று. அந்த வழிகள் இன்று பெரியவர்களின் நினைவில்தான் இருக்கின்றன. அவர்கள் இருக்கும்போதே நடந்துவிட வேண்டும் என்பதே என் அவசரம்.

படி 1: ஒரே ஒரு வழி

பகுதியைத் தேர்ந்தெடுக்காதீர்கள், வழியைத் தேர்ந்தெடுங்கள். வீட்டிலிருந்து பள்ளிக்கு, குழாயடியிலிருந்து கடைக்கு என்று தொடக்கமும் முடிவும் இருக்க வேண்டும்.

குடும்பத்தில் கேட்க ஆளில்லாதவர்களுக்கு நான் சொல்வது 1946 ஜூன் 13-இன் வழி. இந்தியர் நிலம் வாங்குவதைத் தடுத்த சட்டத்தை எதிர்த்து, ரெட் ஸ்குவேர் என்று நம்மவர்கள் அழைத்த நிக்கல் ஸ்குவேரில் கூட்டம் நடந்தது. அங்கிருந்து நடந்து போய், அம்பிலோ ரோடும் கேல் வீதியும் சேரும் முனையில் காலியாகக் கிடந்த நிலத்தில் சட்டத்தை மீறிக் கூடாரம் அடித்தார்கள். நிதானமாகப் போனாலும் ஒரு மணி நேரத்துக்குள் முடியும். தொடங்கும் இடத்தில் இன்று கார் நிறுத்தும் கட்டடம் நிற்கிறது. அதன் முன் ஐந்து நிமிடம் சும்மா நின்றுவிட்டுக் கிளம்புங்கள்.

படி 2: பெரியவரிடம் வழி கேட்பது

பலரும் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். நானும் வெகுநாள் இந்த இடத்திலேயே நின்றேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

“உங்க வீடு எங்க இருந்துச்சு பெரியம்மா?” என்று கேட்டால், “பாரக்ஸ்லதான்யா” என்பதோடு பதில் நின்றுவிடும். ‘எங்கே’ என்று கேட்காதீர்கள். ஒரு வேலையைச் சொல்லிக் கேளுங்கள். “காலையில ரொட்டி வாங்க யாரு போவீங்க?” என்று கேட்டேன். “நாந்தான். தம்பிய இடுப்புல வச்சிக்கிட்டுப் போவேன்” என்று தொடங்கினார் பெரியம்மா. “குழாயடிகிட்ட சேறா இருக்கும், அதனால செவுத்த ஒட்டியே போவேன். அப்புறம் இப்படி...” என்று இடக்கையை மடக்கிக் காட்டினார். சாட்ஸ்வர்த் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்திருந்தவரின் பாதங்களும் மேசைக்கடியில் இடப்பக்கம் திரும்பின.

அந்தக் கையசைவு ஒலிப்பதிவில் வராது. அதனால் ஃபோனில் குரல் பதிவாகும்போதே, நோட்டில் அம்புக்குறி போட்டுக்கொண்டே வாருங்கள். இடம், வலம், மேடு, இறக்கம். ‘இந்த முக்குக்கு வந்தா கறிவேப்பிலை வாசம்’ என்றால் அதையும் அம்புக்குறி பக்கத்திலேயே எழுதுங்கள். இடையில் திருத்தாதீர்கள். இரண்டு பெரியவர்கள் ஒரே வழியை வேறு வேறாகச் சொன்னால் இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு நடை கிடைக்கும்.

படி 3: பழைய பெயர், புதிய பலகை

பெரியவர்கள் சொல்லும் பெயர்கள் இன்றைய பலகையில் இருக்காது. கையில் இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: கிரே வீதி இப்போது டாக்டர் யூசுப் தாதூ வீதி. குயின் வீதி டெனிஸ் ஹர்லி வீதி. விக்டோரியா வீதி பெர்த்தா ம்கீசே வீதி. பைன் வீதிக்கு 1946 போராட்டத்தை நடத்திய டாக்டர் மாண்டி நாயக்கர் பெயர். பிரின்ஸ் எட்வர்ட் வீதிக்கு அதே போராட்டத்தில் சிறை சென்ற டாக்டர் கூனம் பெயர்.

தெருவே இல்லாமல் போன இடத்துக்கு வான்வழிப் படம் வேண்டும். கேப் டவுனில் மோப்ரேயில் உள்ள அரசு நில அளவைத் துறையிடம் 1930கள் முதலான படங்கள் இருக்கின்றன. பழைய படத்தையும் இன்றைய வரைபடத்தையும் ஒரே அளவில் அச்செடுத்து, பழையதை டிரேசிங் தாளில் வரைந்து மேலே வையுங்கள். பொருத்திப் பார்க்க அசையாத புள்ளி வேண்டுமே? டவுனுக்கு கிரே வீதிப் பள்ளிவாசல். மேகஸின் பாரக்ஸுக்கு ஓல்ட் ஃபோர்ட் என்னும் பழைய கோட்டை. கேட்டோ மேனருக்கு பெல்லேர் ரோட்டில் (இப்போது வூசி ம்சிமேலா ரோடு) உள்ள அம்பலவாணர் ஆலயம். முதலில் அம்பிலோ ஆற்றங்கரையில் இருந்த கோயில் 1905 வெள்ளத்தில் போய்விட்டது. இப்போதைய ஆலயம் 1947-இல் வந்தது. எனவே அதற்குப் பிந்தைய படத்தில்தான் இந்தப் புள்ளி கிடைக்கும்.

இதையெல்லாம் செயலியில் செய்யலாம் என்பார்கள். நான் தாளையே விரும்புகிறேன். செயலி கைக்கு வந்தால் கண் நீலப் புள்ளியிலேயே ஒட்டிக்கொள்ளும். நடந்த தடத்தைப் பதிவு செய்ய மட்டும் ஃபோனை ஓடவிட்டுப் பைக்குள் போடுங்கள். பேனா வேண்டாம், பென்சில். டர்பன் புழுக்கத்தில் உள்ளங்கை வியர்த்து மை இழுகிவிடும்.

படி 4: நடை

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை நல்ல காலம். டவுன் என்றால் சனிக்கிழமை காலை போங்கள், ஆள் நடமாட்டம் இருக்கும். ஞாயிறு மதியம் கடையெல்லாம் மூடி வீதி வெறிச்சோடிவிடும், வேண்டாம். இரண்டு பேராகப் போங்கள், ஆனால் பேசிக்கொண்டு நடக்காதீர்கள்.

பெரியவர் சொன்ன வழி ஏதோ ஒரு இடத்தில் சுவரிலோ வேலியிலோ நெடுஞ்சாலையிலோ முட்டும். நிச்சயம் முட்டும். உடனே சுற்றிப் போய்விடாதீர்கள். அங்கே நின்று, அம்புக்குறி எந்தப் பக்கம் போகச் சொல்கிறது, எது மறிக்கிறது என்று எழுதுங்கள். சுவர் செங்கல்லா, கான்கிரீட்டா? அதில் என்ன எழுதியிருக்கிறது? அதன் நிழலில் யார் கடை போட்டிருக்கிறார்கள்? அதற்குப் பின் எவ்வளவு தூரம் சுற்ற வேண்டியிருக்கிறது என்று அடி எண்ணிக்கொண்டே போங்கள். என் நோட்டுகளில் நான் மிகவும் மதிக்கும் பக்கங்கள் இந்தச் சுற்று வழிகள்தான். குரூப் ஏரியாஸ் சட்டம் தரையில் என்ன செய்தது என்பதை உங்கள் கால் அளந்து சொல்கிறது.

வார்விக் சந்தை வழியாகப் போகிறவர்கள் கவனிக்க: 1934-இல் தொடங்கிய எர்லி மார்னிங் மார்க்கெட்டில் வியாபாரிகளைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். கீரைக்கட்டு ஒன்று வாங்கிக்கொண்டு பேச்சுக் கொடுங்கள். பழைய வழி தெரிந்தவர்கள் அங்கே இருப்பார்கள்.

படி 5: திரும்பக் கொண்டுபோய்க் கொடுப்பது

நடந்த வாரத்திலேயே அதே பெரியவரிடம் போய் நோட்டை வாசித்துக் காட்டுங்கள். “அங்க மேடு வந்திருக்கணுமே?” என்று அவர் கேட்டால், அடுத்த நடைக்கு வழி கிடைத்துவிட்டது. அவர் குரலையும் தெருச் சத்தத்தையும் சேர்த்து ஒரு ஒலிக்கோப்பாக்கினால், பேரப்பிள்ளைகள் காதில் மாட்டிக்கொண்டு அதே வழியில் நடக்கலாம்.

பிற்சேர்க்கை: முட்டிவலி உள்ள தன் ஆயாவும் கூட வர ஆசைப்படுகிறார், என்ன செய்வது என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். வழியில் மூன்று இடங்களை மட்டும் தேர்ந்தெடுங்கள். மடக்கு நாற்காலியோடு காரில் அழைத்துப்போய் ஒவ்வொரு இடத்திலும் உட்கார வையுங்கள். அவர் சொல்லச் சொல்ல நீங்கள் நடங்கள், ஃபோன் தொடர்பிலேயே இருக்கட்டும். டோங்காட், மவுண்ட் எட்ஜ்கோம் கரும்புத் தோட்டப் பக்கம் நடக்க நினைப்பவர்கள் முன்கூட்டியே அனுமதி வாங்குங்கள், பல வழிகள் தனியார் நிலத்தில் இருக்கின்றன. பதிவுகளை ஃபோனில் மட்டும் வைக்காமல் ஒரு பிரதி எடுங்கள். குடும்பம் சம்மதித்தால், டெர்பி வீதியில் உள்ள, நம்மவர்களின் வரலாற்றைக் காக்கும் அருங்காட்சியகமான 1860 ஹெரிட்டேஜ் சென்டரில் கொடுத்து வைக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.