செய்தியோடை வாசிப்பைத் தொடங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாளையங்கோட்டையில் அரசுப் பணித் தேர்வுக்குப் படிப்பவர்களும், அபிஷேகப்பட்டியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்பவர்களும் நாள்தோறும் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள். பத்திருபது இணையதளங்களை ஒவ்வொன்றாகத் திறந்து, புதிதாக ஏதேனும் வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு மூடுகிறார்கள். இந்த வேலையைக் கணினியிடம் ஒப்படைக்கும் வழிதான், ஆங்கிலத்தில் ஃபீட் (feed) எனப்படும் செய்தியோடை. ஒரு தளம் அண்மையில் வெளியிட்டவற்றின் தலைப்பு, இணைப்பு, நாள், சுருக்கம் அல்லது முழு உரை ஆகியவற்றை இயந்திரம் படிக்கத்தக்க ஒரு கோப்பாக வைத்திருக்கும்; நம்முடைய வாசிப்புச் செயலி அக்கோப்பை அவ்வப்போது போய்ப் பார்த்து, புதியவற்றை மட்டும் எடுத்துவந்து தரும். உலாவி தயாரித்த நெட்ஸ்கேப் நிறுவனத்தில் 1999 மார்ச்சில் உருவான ஆர்எஸ்எஸ் (RSS), 2005 டிசம்பரில் இணையத் தரமாக வெளியிடப்பட்ட ஆட்டம் (Atom) என்னும் இரு கோப்பு வடிவங்கள் இன்று பெருவழக்கில் உள்ளன. ஆர்எஸ்எஸ்ஸின் முதல் வடிவை அமைத்தவர்களுள் ஒருவரான ராமநாதன் குஹா சென்னை ஐஐடியில் பயின்றவர். எந்த வடிவமானாலும் செயலிகள் படித்துவிடும் என்பதால், வாசகர் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

எதை முதலில் காட்டுவது, எதை மறைப்பது என்று ஒரு சமூக ஊடக நிறுவனத்தின் கணக்கீடு முடிவு செய்யாமல் வாசகரே முடிவு செய்யும் முறை இது என்பதால், நெல்லைச் சீமையின் ஒவ்வொரு கல்லூரி மாணவரும் இதைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். ஆயினும் தொடங்குகிறவர்களில் பலர் சில வாரங்களிலேயே விட்டுவிடுகிறார்கள். செய்தியோடையை மின்னஞ்சலாகவோ, அவசர அறிவிப்பாகவோ, பழைய இதழ்களின் சேமிப்பாகவோ எண்ணிக்கொண்டு அதனிடம் இல்லாததை எதிர்பார்ப்பதே பெரும்பாலும் அதற்குக் காரணமாகிறது.

முதல் தடுமாற்றம் முகவரியில் நேர்கிறது. பக்கத்தில் செய்தியோடைக்குரிய ஆரஞ்சு நிறச் சின்னம் தென்படவில்லை என்பதால் அத்தளத்துக்கு ஓடையே இல்லை என்று முடிவு கட்டுவது தவறு. பல தளங்கள் ஓடையின் முகவரியைப் பக்கத்தின் நிரல்வரிகளுக்குள் மட்டும் குறித்து வைத்திருக்கும். தளத்தின் முகப்பு முகவரியை வாசிப்புச் செயலியில் இட்டாலே அது உள்ளே தேடி ஓடையைக் கண்டுபிடித்துவிடும். அவ்வாறு கிடைக்காதபோது, வேர்ட்பிரஸ் என்னும் தளமமைக்கும் மென்பொருளில் இயங்கும் தளமானால் முகவரியின் இறுதியில் சாய்கோடிட்டு feed என்னும் ஆங்கிலச் சொல்லைச் சேர்த்துப் பார்க்கலாம். பெரும்பாலும் அதுவே ஓடையாக இருக்கும். அந்த முகவரியை உலாவியில் நேராகத் திறந்தவர்கள் குறியீடுகள் நிறைந்த ஒரு பக்கத்தைக் கண்டு, தளம் பழுதாகிவிட்டது என்றெண்ணி மூடிவிடுகிறார்கள். ஓடையை அழகுபடுத்திக் காட்டிவந்த ஃபயர்ஃபாக்ஸ் உலாவியே 2018 டிசம்பரில் வந்த 64ஆம் பதிப்பில் அவ்வசதியை நீக்கிவிட்டது. அந்தக் குறியீட்டுப் பக்கம் மனிதர் படிப்பதற்காக எழுதப்பட்டதன்று. அதன் முகவரியைப் படியெடுத்துச் செயலியில் ஒட்டுவது ஒன்றே நாம் செய்ய வேண்டியது.

ஒரே தளத்தில் இரண்டு ஓடைகள் காணப்பட்டால் அவற்றில் ஒன்று பெரும்பாலும் பின்னூட்டங்களுக்கானது. அதைத் தவறுதலாகச் சேர்த்துவிட்டு, கட்டுரை வரவில்லை, வாழ்த்துகளும் சச்சரவுகளுமே வருகின்றன என்று சலித்துக்கொள்பவர்கள் உண்டு. சேர்க்கும்போதே பெயரை ஒருமுறை படித்துப் பார்த்தால் போதும்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, முதல் நாள் ஆர்வத்தில் அகப்பட்டதையெல்லாம் சேர்த்துவிடுவது. ஒரு செய்தி நிறுவனத்தின் முதன்மை ஓடை ஒரே நாளில் எண்ணற்ற செய்திகளைக் கொண்டுவந்து கொட்டும். அதன் அருகில் மாதம் ஒரு கட்டுரை எழுதும் நல்ல எழுத்தாளரின் ஓடையும் இருந்தால், அவருடைய கட்டுரை அந்த வெள்ளத்தில் கண்ணுக்கே தெரியாமல் மூழ்கிவிடும். உண்மையில் செய்தியோடையின் முழுப் பயனும் அரிதாக எழுதுகிறவர்களைத் தவறவிடாமல் படிப்பதில்தான் இருக்கிறது என்பேன். அடிக்கடி வெளியிடும் தளங்களுக்கு நாமே பழக்கத்தால் போய்விடுவோம். எப்போது எழுதுவார் என்று தெரியாதவரின் பக்கத்துக்குப் போவதற்குத்தான் உதவி தேவைப்படுகிறது. ஆகவே தொடக்கத்தில் ஐந்து அல்லது ஆறு ஓடைகளே போதும், அவற்றிலும் பாதியேனும் மெதுவாக வருபவையாக இருக்கட்டும்.

பெரிய தளங்களைச் சேர்த்தே ஆக வேண்டும் என்றால் அவற்றின் உட்பிரிவைத் தேடிச் சேர்க்க வேண்டும். இந்திய ரிசர்வ் வங்கி தன் செய்திக்குறிப்புகள், அறிவிக்கைகள், உரைகள் ஆகியவற்றுக்குத் தனித்தனி ஓடைகள் வைத்திருக்கிறது. வங்கித் தேர்வுக்குப் படிப்பவருக்குச் செய்திக்குறிப்புகள் பயன்படும், ஒப்பந்தப்புள்ளி அறிவிப்புகளால் எந்தப் பயனும் இல்லை. அவ்வாறே ஆய்வுக் கட்டுரைகளை வெளியிடும் ஆர்க்சிவ் தளம் ஒவ்வொரு துறைக்கும், அதன் உட்பிரிவுக்கும் ஓடை தருகிறது. துறை முழுவதையும் சேர்த்த ஆய்வு மாணவர் இரண்டாம் நாளே திகைத்துப்போவார். தன் ஆய்வுக்குரிய உட்பிரிவை மட்டும் சேர்த்தவர் காலைத் தேநீர் முடிவதற்குள் தலைப்புகளைப் பார்த்து முடித்துவிடுவார். தமிழ் எழுத்தாளர் பலர் பயன்படுத்தும் பிளாக்கர், வேர்ட்பிரஸ் ஆகிய இரண்டிலும், இடுகைகளை வகைப்படுத்த எழுத்தாளர் இடும் குறிச்சொல் வாரியாக ஓடை பெறலாம் என்பதால், ஒருவருடைய சிறுகதைகளை மட்டும் தொடர்ந்து படித்து, அரசியல் குறிப்புகளை விட்டுவிட முடியும். குறிச்சொல் தமிழில் இருந்தால் முகவரி விழுக்காட்டுக் குறிகளும் எண்களும் ஆங்கில எழுத்துகளுமாக மிக நீண்டு தோன்றும். ‘தமிழ்’ என்னும் சொல் மட்டுமே அவ்வடிவத்தில் எல்லாம் சேர்த்து 45 குறியெழுத்துகளாக விரியும். அதைக் கண்டு முகவரி கெட்டுவிட்டது என்று எண்ணி இடையில் வெட்டிவிடக் கூடாது. முழுவதையும் அப்படியே ஒட்ட வேண்டும்.

படிக்காதவற்றின் எண்ணிக்கையைச் செயலி தடித்த எழுத்தில் காட்டுவது பலருக்கு மனச்சுமையாகிறது. மின்னஞ்சலில் படிக்காத கடிதம் என்றால் ஒருவர் பதிலுக்குக் காத்திருக்கக்கூடும். செய்தியோடையில் யாரும் காத்திருக்கவில்லை. நாளிதழ் வாங்குபவர் முந்தைய நாள் இதழின் ஒவ்வொரு பத்தியையும் முடித்த பிறகே இன்றைய இதழைத் தொடுவேன் என்று இருப்பதில்லை. ‘எல்லாம் படித்ததாகக் குறி’ என்னும் பொத்தான் அனேகமாக எல்லாச் செயலிகளிலும் இருக்கிறது, அதை அழுத்தத் தயங்க வேண்டாம். இன்னும் நல்லது, அமைப்புகளுக்குள் சென்று அந்த எண்ணிக்கையையே மறைத்துவிடுவது. தேர்வு நெருங்கும் மாதங்களில் படிப்பவர்களுக்கு இதை நான் வலியுறுத்திச் சொல்வேன். ஏற்கெனவே பாடங்களின் சுமை போதுமான அளவுக்கு இருக்கிறது.

ஓடை என்பது பழைய இதழ்களின் கட்டு என்று எண்ணுவதும் உண்டு. வேர்ட்பிரஸ் தளத்தின் ஓடையில் இயல்பாக அண்மைய பத்து இடுகைகள் மட்டுமே இருக்கும். ஒரு யூடியூப் அலைவரிசையின் ஓடையில் கடைசிப் பதினைந்து காணொளிகள் இருக்கும். இதிலிருந்து நடைமுறையில் ஒரு சிக்கல் பிறக்கிறது. தண்டர்பேர்டு போலக் கணினிக்குள்ளேயே இயங்கும் செயலி, கணினி ஓடும்போதுதான் ஓடைகளைப் போய்ப் பார்க்கும். விடுதி மாணவர் கணினியை அணைத்துவிட்டு ஆனித் தேரோட்டத்துக்கோ பொங்கலுக்கோ ஊருக்குப் போய்ச் சில நாள் தங்கினால், அதற்குள் பத்துக்கு மேல் வெளியிட்ட தளத்தின் பழைய இடுகைகள் ஓடையிலிருந்து கழிந்துபோயிருக்கும். அவை அவருடைய பட்டியலுக்கு வரவே வரா. ஃபீட்லி, இனோரீடர் போன்ற இணையவழிச் சேவைகள் நாம் இல்லாதபோதும் தங்கள் வழங்கியிலிருந்து (சர்வர்) சேகரித்துக்கொண்டே இருப்பதால் இந்த இழப்பு நேராது. நீண்ட விடுமுறைகள் உள்ளவர்கள் இவ்வகையைத் தேர்ந்தெடுப்பதே சரி.

அடுத்ததை மிகுந்த அக்கறையோடு சொல்ல வேண்டியிருக்கிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் பெய்த மழையை இந்தப் பகுதியில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் பதிவானது. அதற்குப் பிறகு பாபநாசம், மணிமுத்தாறு அணைகளின் நீர்மட்டச் செய்திகளை ஓடை வழியாகத் தொடரும் ஆர்வம் சிலருக்கு வந்திருக்கிறது. அன்றாடம் நீர்மட்டத்தை அறிந்துகொள்ள அது நல்ல வழிதான். ஆனால் வெள்ள எச்சரிக்கைக்கு அதை நம்பியிருப்பது ஆபத்தானது. தளம் செய்தியை வெளியிட்ட கணமே அது நமக்கு வந்துவிடுவதில்லை. செயலி அடுத்த முறை போய்ப் பார்க்கும்போதுதான் வருகிறது. அந்த இடைவெளி ஒரு மணி நேரமாக இருக்கலாம். பலர் சந்தா சேராத சிறிய தளங்களைச் சேவைகள் இன்னும் நீண்ட இடைவெளியில்தான் பார்க்கின்றன. உடனுக்குடன் தெரிவிக்கும் வெப்சப் என்னும் ஏற்பாடு இருக்கிறது என்றாலும் எல்லாத் தளங்களிலும் அது கிடையாது. தாமிரபரணிக் கரையோரம் குடியிருப்பவர்கள் எச்சரிக்கைக்குத் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் சச்சேத் செயலியையும், மாவட்ட நிர்வாகத்தின் அறிவிப்புகளையும் பார்க்க வேண்டும். அந்த மழையின்போது பல ஊர்களில் கைப்பேசித் தொடர்பே அற்றுப்போனதால், மின்கலத்தில் இயங்கும் வானொலி ஒன்றும் வீட்டில் இருப்பது நல்லது.

தாமதத்தைக் குறைக்கலாம் என்று, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்க்கும்படி செயலியை அமைப்பவர்கள் தளம் நடத்துபவருக்கு வீண் சுமை ஏற்றுகிறார்கள். நல்ல செயலி ‘கடைசியாக நான் பார்த்ததற்குப் பின் மாற்றம் உண்டா’ என்று மட்டும் கேட்கும். இல்லையென்றால் வழங்கி 304 என்னும் சிறு விடையோடு முடித்துக்கொள்ளும். ஆனாலும் அளவுக்கு மீறிக் கேட்டுக்கொண்டே இருந்தால் சில வழங்கிகள் 429 என்னும் விடையைத் தந்து கதவை அடைத்துவிடும். அன்றாட வாசிப்புக்கு ஒரு மணி நேர இடைவெளி தாராளம்.

நெடுநாள் அமைதியாக இருக்கும் ஓடையை, அதன் எழுத்தாளர் எழுதுவதை நிறுத்திவிட்டார் என்று எண்ணிக் கைவிடுவதற்கு முன் தளத்தை நேரில் திறந்து பார்க்க வேண்டும். தளம் புதிய முகவரிக்கு மாறி, பழைய ஓடை மட்டும் உயிரற்றுக் கிடக்கலாம். சில மாதங்களுக்கு ஒருமுறை பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்த்து, நாம் திறக்காமலே கடந்துபோகும் ஓடைகளை நீக்கிவிடுவதும் இத்துடன் சேர்ந்த வேலை.

இறுதியான தவறு, நம் ஓடைப் பட்டியலின் நகல் ஒன்றை நம் கையில் வைத்துக்கொள்ளாமல் இருப்பது. உலகெங்கும் ஏராளமானோர் பயன்படுத்திய கூகுள் ரீடர் என்னும் ஓடை வாசிப்புச் சேவை 2013 ஜூலை 1 அன்று மூடப்பட்டது. தங்கள் பட்டியலை முன்கூட்டியே எடுத்து வைத்தவர்கள் வேறு சேவைக்கு எளிதில் குடிபெயர்ந்தார்கள். அனேகமாக எல்லாச் செயலிகளிலும் ஏற்றுமதி என்னும் வசதி இருக்கும். அது ஓபிஎம்எல் என்னும் வடிவில் ஒரு சிறு கோப்பைத் தரும். புதிய செயலியில் அதை இறக்குமதி செய்தால் எல்லா ஓடைகளும் கோப்புறைகளோடு வந்துவிடும். அந்தக் கோப்பை நண்பர்களுக்குக் கொடுப்பது நல்ல பழக்கம். ஒரு துறையில் புதிதாக நுழைபவருக்கு அதைவிடப் பயனுள்ள பரிசு அரிது. ஆனால் கட்டணம் செலுத்திக் கேட்கும், பாட்காஸ்ட் எனப்படும் ஒலிப்பதிவுத் தொடர்களின் ஓடை முகவரி நமக்கென்றே தனியாக உருவாக்கப்பட்டது, அதற்குள் நம் கணக்கை அடையாளம் காட்டும் குறி இருக்கும். கோப்பை அனுப்புவதற்கு முன் அத்தகைய ஓடைகளை நீக்கிவிட்டு ஏற்றுமதி செய்ய வேண்டும். ஏற்கெனவே அனுப்பிவிட்டவர்கள் அந்தச் சேவையின் கணக்குப் பக்கத்துக்குச் சென்று புதிய முகவரி பெற முடியுமா என்று பார்ப்பது நல்லது.