சங்ககிரிக் கோட்டைக்கு ஒரு இன்ஸ்டா பக்கம் தொடங்கலாமா?

திப்புவின் படையும் பிறகு ஆங்கிலேயக் கும்பினிப் படையும் தங்கிய கோட்டை. தீரன் சின்னமலையைத் தூக்கிலிட்டதும் இங்கேதான். ஆனால் சேலம்–ஈரோடு போகிறவர்களில் பாதிப்பேர் பஸ் ஜன்னலில் மலையைப் பார்ப்பதோடு சரி. அவர்களை மேலே ஏற வைக்க ஒரு போன் போதும்.

1. விடிகாலையில் ஏறுங்கள்

சாய்வெயில் பட்டால்தான் கல்லில் செதுக்கியது எடுப்பாகத் தெரியும். உச்சிவெயிலில் எல்லாம் ஒரே வெள்ளைதான். எழுத்து தெரியட்டும் என்று சாக்பீஸ், எண்ணெய் எதையும் பூசிவிடாதீர்கள். இது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம். சேதப்படுத்தினால் 2 ஆண்டு வரை சிறை. ட்ரோன் ஆசை இருந்தால் முதலில் அனுமதி வாங்குங்கள்.

2. பக்கத்தைத் திறங்கள்

பெயரில் ‘சங்ககிரி’ கட்டாயம் இருக்கட்டும், தமிழிலும் ஆங்கில எழுத்திலும். தேடுகிறவர்கள் இரண்டு விதமாகவும் அடிப்பார்கள்.

3. ஒரு பதிவுக்கு ஒரு கல்

நான் முதல் நாளே இருபது படங்களைக் கொட்டினேன். நண்பர்கள் லைக் போட்டார்கள், அத்தோடு முடிந்தது. அடுத்த வாரம் வாசல் நிலைக்குக் கீழே இருந்த ஒரு குழியை மட்டும் கிட்டத்தில் எடுத்து, “இது எதுக்குங்க?” என்று கேட்டேன். லாரிக்குக் கூண்டு கட்டும் ஆசாரி ஒருவர் பதில் எழுதினார்: “கதவோட குடுமி உக்கார்ற குழிங்க. அந்தக் காலத்துல கீலு ஏது?” அதைப் பார்த்து மற்றவர்களும் தங்கள் அப்புச்சி வீட்டுக் கதவைப் படம் எடுத்து அனுப்ப ஆரம்பித்துவிட்டார்கள். தெரிந்ததைச் சொல்வதைவிடக் கேட்பதற்குத்தான் கூட்டம் சேர்கிறது.

4. தேதிச் சண்டைக்குத் தயாராக இருங்கள்

சின்னமலை மறைந்தது ஜூலை 31, 1805. நினைவு நாளோ ஆடி 18. இப்போது அது ஆகஸ்ட் 2 அல்லது 3இல் வருகிறது. “தேதி தப்பு” என்று வருடா வருடம் யாராவது வருவார்கள். இரண்டும் சரிதான். நம் பஞ்சாங்க வருடம் ஆங்கில வருடத்தைவிடக் கொஞ்சம் நீளம். இருநூறு வருடத்தில் மூன்று நாள் போல நகர்ந்துவிடும். இதை ஒரு பதிவாகவே எழுதி மேலே பின் செய்துவிடுங்கள். ஆடி பிறந்ததும் போட்டால் இன்னும் நல்லது, பெருக்கு லீவுக்கு எங்கே போகலாம் என்று அப்போதுதான் வீட்டில் பேச்சு ஓடும்.