எஸ் பச்சையாகிவிட்டதா? இரண்டாவது கட்டத்தைப் பிடியுங்கள்

வேர்டில் என்பது ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல் ஒன்றை ஆறு வாய்ப்புக்குள் கண்டுபிடிக்கும் ஆட்டம். போட்ட எழுத்து சரியான இடத்தில் இருந்தால் அந்தக் கட்டம் பச்சை, சொல்லில் இருந்து இடம் மட்டும் தவறினால் மஞ்சள், சொல்லிலேயே இல்லையென்றால் சாம்பல். அதில் முதல் கட்டம் பச்சையாகி எஸ் நின்றால் உடனே சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். ஆட்டத்தின் பழைய விடைப் பட்டியலில் சுமார் 2,300 சொற்கள். அதில் எஸ்ஸில் தொடங்குபவை மட்டும் 360-க்கு மேல். வேறெந்த எழுத்துக்கும் இவ்வளவு கூட்டம் கிடையாது. க்யூ வந்தால் மொத்தமே 23 சொல்தான், அடுத்த எழுத்து யூ என்று கண்ணை மூடிக்கொண்டு போடலாம். எக்ஸுக்கு ஒன்றுகூட இல்லை. எஸ்தான் ஆளைப் பாடாய்ப் படுத்தும்.

நியூ ஜெர்சியில் இருக்கும் என் அக்கா மகளுக்கும் இதே பாடுதான். "சித்தி, எஸ் வந்துடுச்சு, அப்புறம் ஒண்ணுமே ஓட மாட்டேங்குது" என்று வாட்ஸ்அப்பில் புலம்புவாள். அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். தமிழில் எழுதும்போது இரண்டு டி-யும் ஒன்றாகிவிடும், இரண்டு பி-யும் அப்படியே. அதனால் பேங்க்கில் இருந்த காலத்தில் போனில் பெயர் சொல்லிப் பழகியபடி டெல்லி டி, டைகர் டி, பாம்பே பி, பாரிஸ் பி என்றே சொல்லிவிடுகிறேன்.

எஸ் கிடைத்ததும் பலர் உயிரெழுத்துகளைத் துரத்தப் போவார்கள். ஏ இருக்கா, இ இருக்கா என்று. அது அப்புறம். முதலில் இரண்டாவது கட்டம். எஸ்ஸை அடுத்து மெய்யெழுத்து வரும் சொற்கள்தான் அதிகம், அதிலும் எல்லா மெய்யும் வந்து உட்காராது. டைகர் டி-க்குத்தான் முதல் இடம். ஹெச், பாரிஸ் பி, சி, எல் தாராளமாக வரும். டபிள்யூ, என், எம், கே கொஞ்சம் கொஞ்சம். க்யூ அபூர்வம், வந்தால் ஸ்க்வாட் மாதிரி கூடவே யூ வரும். பாம்பே பி, டெல்லி டி, எஃப், ஜி, ஜே, ஆர், வி, இசட் இவையெல்லாம் விடைகளில் எஸ்ஸுக்கு அடுத்த இடத்துக்கு வராது. இதைத் தெரிந்துகொண்டாலே பாதி விசைப்பலகை அடங்கிவிடும்.

ஒரு ஆட்டத்தை எடுத்துப் பார்ப்போம். நான் எப்போதும் ஸ்லேட்டில்தான் தொடங்குவேன்: எஸ், எல், ஏ, டைகர் டி, இ. எஸ் மட்டும் பச்சை, மற்ற நான்கும் சாம்பல் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது மறுபடியும் எஸ்ஸில் தொடங்கும் சொல்லையே போடுவது கட்டத்தை வீணாக்குவது. அது எஸ் என்றுதான் தெரிந்துவிட்டதே! பிஞ்ச் போடுங்கள். பாரிஸ் பி, ஐ, என், சி, ஹெச். இரண்டாவது கட்டத்துக்கு வரக்கூடிய நான்கு பேர் ஒரே வரியில் பரீட்சை எழுதிவிடுவார்கள், கூடவே ஐ-யும். எந்த மெய் மஞ்சளாகிறதோ அதை முதலில் இரண்டாவது கட்டத்தில் வைத்துச் சொல் தேடுங்கள்.

ஆர் மஞ்சளானால் தனிக் கணக்கு. இரண்டாவது இடத்துக்கு அது வராது என்று சொன்னேன். மூன்றாவதில் வரும். அப்போது முன்னால் சி, ஹெச், பாரிஸ் பி, டைகர் டி நான்கில் ஒன்று இருக்கும்: ஸ்க்ரூ, ஷ்ரக், ஸ்ப்ரே, ஸ்ட்ரா. இல்லாவிட்டால் பெரும்பாலும் உயிரெழுத்து: சர்வ், சாரி. நான்காவதில் என்றால் ஸ்கோர், ஸ்பேர் போல. கடைசியில் என்றால் சோலார், சூப்பர், ஷுகர். இதில் ஷுகர் பொல்லாதது, காதில் ஷ என்று விழும், உள்ளே ஹெச் இருக்காது.

காதை நம்பி ஆடவே ஆடாதீர்கள். ஸ்டேர் என்றால் மாடிப்படியும் உண்டு, முறைத்துப் பார்ப்பதும் உண்டு. ஸ்டீல் என்றால் பாத்திரக்கடைச் சமாச்சாரமும் உண்டு, திருட்டும் உண்டு. ஒன்றில் இரண்டு இ, இன்னொன்றில் இ-யும் ஏ-வும். வேடிக்கை என்னவென்றால் நான்குமே எஸ்-டைகர் டி-யில் தொடங்கும் ஐந்தெழுத்துச் சொற்கள், நான்குமே விடைப் பட்டியலில் இருந்தவை. மனசுக்குள் உச்சரித்துப் பார்த்தால் ஒன்றைப் போட்டுவிட்டு மற்றதை மறந்துவிடுவோம். தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் ஐந்து கோடு போட்டு எழுத்தெழுத்தாக எழுதிப் பார்ப்பதுதான் என் வழக்கம்.

அகராதியைப் புரட்ட வேண்டியதில்லை. ஜோஷ் வார்டில் என்பவர் இந்த ஆட்டத்தைத் தன் துணைவி பாலக் ஷாவுக்காகச் செய்தார். சுமார் 12,000 ஐந்தெழுத்துச் சொற்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, தனக்குத் தெரிந்தவற்றை மட்டும் நிறுத்திப் பட்டியலைச் சுருக்கியவர் அந்த அம்மாதான். 2021 அக்டோபரில் எல்லோருக்கும் வந்தது, 2022 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் வாங்கிக்கொண்டது. ஆக, விடை பெரும்பாலும் தெரிந்த சொல்லாகத்தான் இருக்கும். கடைசியில் வெறுமனே ஒரு எஸ் சேர்த்துப் பன்மையாக்கிய சொல்லை விடையாக வைப்பதில்லை என்று டைம்ஸ் 2022 நவம்பரில் சொல்லிவிட்டது, அந்தப் பக்கம் போகவேண்டாம். எழுத்து மட்டும் அமெரிக்க வழக்கு. ருசித்துச் சாப்பிடுவதைச் சொல்லும் சேவர் நம் பள்ளிக்கூடத்தில் ஆறெழுத்து, இங்கே நடுவில் யூ இல்லாமல் ஐந்து.

கடைசியாக, ஆளைக் கவிழ்க்கிற பள்ளம். எஸ், ஹெச், ஏ, ஒரு வெற்றிடம், இ. மூன்றாவது முயற்சியிலேயே நான்கு பச்சை வந்திருக்கும், ஜெயித்துவிட்டோம் என்றே தோன்றும். எண்ணிப் பாருங்கள்: ஷேட், ஷேக், ஷேல், ஷேம், ஷேப், ஷேர், ஷேவ். ஏழு சொல், மூன்று வாய்ப்பு. ஒவ்வொன்றாகப் போட்டால் தோற்க நிறைய இடமிருக்கிறது. நான்காவது வரியில் வோட்கா போடுங்கள் (எங்கள் வீட்டில் அந்தப் பேச்சு எடுப்பது இதற்கு மட்டும்தான்). வி, டெல்லி டி, கே மூன்றையும் அது சோதித்துவிடும். ஏ ஒரு நிறம் காட்டும், கண்டுகொள்ள வேண்டாம். மூன்றும் சாம்பலானால் ஐந்தாவது வரியில் க்ளாம்ப்: எல், எம், பாரிஸ் பி. அதிலும் சிக்கவில்லையா, ஷேர்தான். ஆறாவது வரியில் விடை நிச்சயம்.

ஹார்ட் மோட் போட்டிருந்தால் இந்த வித்தை செல்லாது, பச்சையான எழுத்தை அந்தந்த இடத்திலேயே வைத்தாக வேண்டும். அப்போது ஷேர், ஷேப், ஷேம் என்று தினமும் வாயில் வருகிறவற்றை முதலில் போடுங்கள். ஷேல் ஒருவகைப் பாறையின் பெயர், அது கடைசியில் நிற்கட்டும்.