பிரேம் மூலை சந்தில்லாமல் சேர: 45ஐ விடுங்கள், 90ஐப் பிடியுங்கள்

45 டிகிரிக்குத்தான் வெட்டினேன், நாலாவது மூலை மட்டும் வாயைப் பிளக்கிறது என்பதுதான் புதிதாக போட்டோ பிரேம் செய்கிற எல்லோருடைய புலம்பலும். ஒரு வெட்டில் அரை டிகிரி பிசகினால் கண்ணுக்கே தெரியாது, ஆனால் பிரேமுக்கு எட்டு வெட்டு, எட்டும் ஒரே பக்கம் பிசகினால் மொத்தம் 4 டிகிரி. மூன்று மூலையை இறுக்கிச் சேர்த்ததும் அத்தனையும் கடைசி மூலையில் வந்து உட்காரும். ஒன்றரை அங்குல அகலச் சட்டத்தில் அது கிட்டத்தட்ட 4 மி.மீ. சந்து, மரத்தூளும் ஃபெவிகாலும் குழைத்து அடைக்கிற விஷயம் இல்லை.

அளவு முதலில். கண்ணாடி 12 அங்குலம், சட்டம் ஒன்றரை, கண்ணாடி உட்காரும் காடி கால் அங்குலம் என்றால், ஒன்றரையில் காடி போக பக்கத்துக்கு 1¼, வெளி நீளம் 12 + 1¼ + 1¼ = 14½. கண்ணாடி இறுகாமல் இருக்க அதோடு 1/8 சேர்த்துக்கொள்ளுங்கள். ரம்பத்தில் ஒரு மில்லி கூடுதலாக விட்டே வெட்டுங்கள். எந்த ரம்பமும் ஓகே, பல் சின்னதாக இருந்தால் போதும். ரம்பத்தை 45 டிகிரியில் பிடித்துக்கொடுக்கிற பிளாஸ்டிக் மைட்டர் பாக்ஸ் மட்டும் வேண்டாம், நாலு நாளில் அதன் வாய் அகன்றுவிடும்.

மிச்சத்தை இழைப்புளி பார்த்துக்கொள்ளும், அதற்கு ஒரு பலகை வேண்டும். 18 மி.மீ. பிளைவுட் அடியில், அதன்மேல் அகலம் குறைந்த 12 மி.மீ. பிளைவுட். ஓரத்தில் கிடைக்கிற படியில் இழைப்புளி பக்கவாட்டில் படுத்து ஓடும். மேல் பலகையில் ஒரு முக்கோணத் தடுப்பைத் திருகுங்கள், அதன் 90 டிகிரி முனை படியைப் பார்த்து இருக்கட்டும், முனையின் இரண்டு பக்கமும் படிக்கு 45 டிகிரியில் அமையும், சட்டத்தை அதில் சாய்த்துத்தான் இழைக்கப்போகிறோம். புது பிளைவுட் ஷீட்டின் மூலையை வெட்டி எடுத்தால் அந்த 90 பெரும்பாலும் சரியாகவே இருக்கும், இருந்தாலும் மூலைமட்டம் வைத்துப் பார்த்துவிடுங்கள்.

இங்கேதான் எல்லாம் இருக்கிறது. தடுப்பு கொஞ்சம் கோணலாகத் திருகப்பட்டு ஒரு பக்கம் 45½ ஆனால் மறுபக்கம் தானாக 44½ ஆகிவிடும். எந்த மூலையிலும் ஒரு சட்டத்தின் இடது முனையும் இன்னொன்றின் வலது முனையும்தான் சேர்கின்றன, கூட்டினால் 90. ஆகவே இடது முனைகள் நாலையும் ஒரு பக்கத்தில், வலது முனைகள் நாலையும் மறுபக்கத்தில் இழையுங்கள். சட்டத்தின் வெளி விளிம்பு தடுப்பில் ஒட்டி இருக்க வேண்டும், இழைப்புளி மரத்தைத் தடுப்பை நோக்கியே தள்ள வேண்டும். மறுபக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக வந்து நின்று தள்ளுங்கள், இல்லாவிட்டால் கூர்முனை சிதறும்.

இரும்பு இழைப்புளி 5ஆம் நம்பர் (சுமார் 14 அங்குல நீளம்) என் சிபாரிசு. மலிவானதில் பக்கமும் அடிப்பாகமும் ஒன்றுக்கொன்று சரியாக 90 டிகிரியில் இருக்காது. நம்மூரில் இது பிரச்சினையே இல்லைங்க, கோவையில் கணபதி பக்கம் சர்ஃபேஸ் கிரைண்டர் (இரும்பைச் சமமாகத் தேய்க்கிற மெஷின்) இருக்கிற ஏதாவது பட்டறையில் கொடுத்தால் தேய்த்துக் கொடுப்பார்கள்.

கோணம் சரியானாலும் எதிரெதிர்ச் சட்டங்கள் ஒரே நீளம் இல்லை என்றால் மூலை சேராது. டேப்பை நம்ப வேண்டாம். இரண்டையும் முதுகோடு முதுகு சேர்த்து நிறுத்தி, முனையில் விரலை ஓட்டுங்கள், தடுக்கினால் நீளமானதில் ஒரு இழைப்பு.

வெட்டுமுகம் பசையை உறிஞ்சிவிடும். மெல்லிசாக ஒரு கை ஃபெவிகால் தடவி, ஐந்து நிமிடம் விட்டு, இன்னொரு கை தடவிச் சேருங்கள். கிளாம்ப் வாங்கக் காசு செலவழிக்காதீர்கள். பழைய சைக்கிள் டியூபை நீளவாக்கில் கீறி, நாலு மூலைக்கும் மரத்துண்டு கொடுத்து, இழுத்துச் சுற்றினால் போதும். மூலைவிட்டம் இரண்டும் சமமா என்று பார்த்துவிட்டு ராத்திரி முழுக்க விடுங்கள்.

பிற்சேர்க்கை: ஐப்பசி மழையில் செய்த பிரேம் பங்குனியில் மூலையின் உள்பக்கம் பிளந்துவிட்டது என்று பொள்ளாச்சியிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். வெட்டில் தப்பில்லைங்க. மரம் காய்ந்தால் அகலத்தில் சுருங்கும், நீளத்தில் அவ்வளவாகச் சுருங்காது, அதனால் முனை 45ஐவிடக் கூராகி உள்பக்கம் விலகும். ஈரம் ஏறி ஊதினால் வெளிப்பக்கம் விலகும். வாங்கிய சட்டத்தை இரண்டு மூன்று வாரம் வீட்டுக்குள் போட்டுவைத்து வெட்டுங்கள். இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலம் என்றால், ஒட்டிக் காய்ந்ததும் மூலைக்குக் குறுக்கே ரம்பத்தால் ஒரு வெட்டுப் போட்டு, மெல்லிய மரச்சில்லைப் பசையோடு செருகி, நீட்டிக்கொண்டிருப்பதை உளியால் சீவிவிடுங்கள்.