பின் பிரேக்கை மிதித்தால் லைட் எரியவில்லையா? சுவிட்சை மாற்றும் முன் இதையெல்லாம் பாருங்கள்

கையால் முன் பிரேக்கைப் பிடித்தால் பின்னால் சிவப்பு விளக்கு பளிச்சென்று எரிகிறது. காலால் மிதித்தால் மட்டும் எரிவதில்லை. சில வண்டிகளில் இதற்கு நேர் எதிர்: சாவியைத் திருப்பியதுமே எரிய ஆரம்பித்து, மிதித்தாலும் விட்டாலும் அணையாமல் நிற்கும். இரண்டுக்கும் பல ஒர்க்‌ஷாப்புகளில் கிடைக்கும் முதல் பதில் ஒன்றுதான்: "சுவிட்ச் போச்சு சார், மாத்திடலாம்."

பல நேரம் சுவிட்ச் போயிருக்காது. அதைப் பிடித்திருக்கும் நட்டு இளகியிருக்கும், அல்லது ஸ்பிரிங் கழன்றிருக்கும். அதனால் கடைக்குப் போகும் முன் வீட்டு வாசலிலேயே வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் போட்டு ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

ஸ்பிளெண்டர், பேஷன், ஷைன் மாதிரி பின்பக்கம் டிரம் பிரேக் உள்ள வண்டிகளை மனதில் வைத்து எழுதுகிறேன். பின்னால் டிஸ்க் பிரேக் இருந்தாலும் பல வண்டிகளில் பெடல் பக்கத்தில் இதே மாதிரி சுவிட்ச்தான் இருக்கும். சிலவற்றில் பிரேக் ஆயில் போகும் வழியிலேயே பிரஷர் சுவிட்ச் வைத்திருப்பார்கள். அதில் அட்ஜஸ்ட் செய்ய ஒன்றும் கிடையாது. அதைக் கழற்றினால் ஆயில் லைனில் காற்று ஏறிவிடும் என்பதால் மெக்கானிக்கிடம் விட்டுவிடுவதே நல்லது.

சுவிட்ச் எங்கே இருக்கிறது?

வண்டியின் வலது பக்கம் குத்தவைத்து உட்கார்ந்து, பிரேக் பெடலுக்கு மேலே டார்ச் அடித்துப் பாருங்கள். ஃப்ரேமில் உள்ள ஒரு சிறிய பிராக்கெட்டில், கட்டைவிரல் தடிமனுக்கு ஒரு பிளாஸ்டிக் சாமான் நிற்கும். அதன் மேலே இரண்டு வயர், கீழே ஒரு மெல்லிய ஸ்பிரிங். ஸ்பிரிங்கின் மறுமுனை பெடலின் கையில் கொக்கி போட்டிருக்கும். பெடலை மிதித்தால் ஸ்பிரிங் இழுபடும், ஸ்பிரிங் சுவிட்சின் உள்ளே இருக்கும் கம்பியை இழுக்கும், உள்ளே இரண்டு காண்டாக்ட்டும் சேர்ந்துகொள்ளும். ஒரு வயரில் காத்திருக்கும் 12 வோல்ட் அடுத்த வயர் வழியாக பல்புக்குப் போகும். அவ்வளவுதான் வேலை.

முன் பிரேக் லீவரிலும் ஒரு சுவிட்ச் உண்டு. இரண்டும் தனித்தனியாக அதே பல்புக்குத்தான் கரண்ட் கொடுக்கின்றன. அதனால் முன் பிரேக் லீவரே உங்களுக்கு ஓசி டெஸ்டர்.

முதல் வேலை: சாவி ஆன், எஞ்சின் ஆஃப்

முன் லீவரைப் பிடித்துப் பாருங்கள். லைட் எரிந்தால் பல்பு, ஹோல்டர், எர்த், ஃபியூஸ் எல்லாம் நன்றாக இருக்கின்றன. கோளாறு பின் சுவிட்சிலோ, அதற்கு வரும் வயரிலோ, அட்ஜஸ்ட்மெண்டிலோதான் இருக்க வேண்டும். டெயில் லைட்டைக் கழற்றவே தேவையில்லை.

முன், பின் இரண்டுக்குமே எரியவில்லை என்றால் ஹாரன் அடித்துப் பாருங்கள். ஹாரனும் இல்லை என்றால் ஃபியூஸ் அல்லது பேட்டரி. ஹாரன் நன்றாகக் கேட்டால் பல்பைக் கழற்றுங்கள். "டெயில் லைட் எரியுதே, அப்ப பல்பு நல்லாத்தானே இருக்கு?" என்று பலரும் கேட்பார்கள். ஒரே பல்புக்குள் இரண்டு இழை இருக்கிறது. பல வண்டிகளில் 12 வோல்ட் 21/5 வாட் பல்பு வரும். 5 வாட் இழை டெயில் லைட்டுக்கு, 21 வாட் இழை பிரேக்குக்கு. ஒன்று அறுந்தாலும் மற்றது பாட்டுக்கு எரியும். பல்பின் உலோக அடிப்பாகத்தில் வாட் அச்சிட்டிருக்கும், அதைப் பார்த்து அதே அளவில் வாங்குங்கள். அதன் இரண்டு பக்க முளைகளும் ஒரே உயரத்தில் இருக்காது. போகவில்லையே என்று அழுத்தித் திருகி மாற்றி மாட்டினால், டெயில் லைட் பிரேக் லைட் மாதிரி எரியும், பிரேக் பிடித்தால் வித்தியாசமே தெரியாது. எல்.இ.டி. டெயில் லைட் என்றால் இந்த பல்பு வேலை எதுவும் இல்லை.

ஸ்பிரிங்கைக் கையால் இழுங்கள்

முன்பக்கம் எரிந்து பின்பக்கம் எரியவில்லை என்றால் அடுத்து இதுதான். இந்த ஒரு சோதனையிலேயே பாதிக்கு மேல் தெரிந்துவிடும்.

ஸ்பிரிங் இரண்டு முனையிலும் மாட்டியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். செயின் ஆயிலும் சேறும் சேர்ந்து அந்த இடமே கறுப்பாக அப்பியிருக்கும். பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் துடைத்தால்தான் கொக்கி கண்ணுக்குத் தெரியும். இப்போது சாவியை ஆன் செய்து, பெடலைத் தொடாமல், ஸ்பிரிங்கை மட்டும் விரலால் கீழே இழுங்கள். லைட் எரிந்தால் சுவிட்ச் நல்ல சுவிட்ச், அட்ஜஸ்ட்மெண்ட் மட்டும்தான் தவறியிருக்கிறது. இழுக்கும்போது சில சமயம் எரிந்து சில சமயம் எரியாமல் இருந்தால் உள்ளே காண்டாக்ட்டில் அழுக்கோ தண்ணீரோ போயிருக்கும். வாட்டர் வாஷ் விட்ட மறுநாள் இப்படி ஆவது சகஜம். காய விட்டு, காண்டாக்ட் கிளீனர் அடித்து, இருபது முப்பது முறை இழுத்து விட்டுப் பாருங்கள்.

அட்ஜஸ்ட் செய்வது எப்படி?

வரிசை முக்கியம். முதலில் பிரேக், பிறகுதான் சுவிட்ச். பெடலின் நுனி சும்மா ஆடும் தூரம் இந்த வகை வண்டிகளில் பொதுவாக 20 முதல் 30 மி.மீ. இருக்க வேண்டும். அது சரியில்லை என்றால் பின் சக்கரத்தருகே பிரேக் ராடின் நுனியில் உள்ள நட்டைத் திருகிச் சரி செய்யுங்கள்.

இனி சுவிட்ச். அதன் உடம்பை ஒரு கையால் அசையாமல் பிடித்துக்கொண்டு, நட்டை மட்டும் திருப்ப வேண்டும். உடம்பையே திருப்பினால் வயர் முறுக்கிக்கொண்டு உள்ளேயே அறுந்துவிடும். சுவிட்ச் மேலே ஏறினால் லைட் சீக்கிரம் எரியும், கீழே இறங்கினால் தாமதமாக எரியும். அரைச் சுற்று திருப்பி, பெடலை அழுத்திப் பார்த்து, மறுபடி அரைச் சுற்று. பிளாஸ்டிக் நட்டு என்பதால் விரல் பலமே போதும். ஸ்பேனர் போட்டால் மரை போய்விடும்.

எங்கே நிறுத்துவது? கியரை நியூட்ரலில் போட்டு, எஞ்சினை அணைத்தபடியே, பின் டயரைக் கையால் சுற்றிவிட்டு பெடலை மெதுவாகக் கையாலேயே அழுத்துங்கள். சக்கரத்தைப் பிரேக் பிடிக்கத் தொடங்குவதற்குச் சற்று முன் லைட் எரிய வேண்டும். செயின் பக்கம் விரல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அணையவே மாட்டேன் என்கிறதா?

சுவிட்சின் வயர்கள் வண்டி வயரோடு சேரும் பிளாஸ்டிக் இணைப்பை, அதாவது கப்ளரைக் கழற்றுங்கள். லைட் அணைந்தால் பின் சுவிட்ச்தான் காரணம், அணையவில்லை என்றால் முன் லீவர் பக்கம் போங்கள். பின் சுவிட்ச் என்றால் அதைக் கொஞ்சம் கீழே இறக்குங்கள். அதற்கும் முன், பெடல் முழுதாக மேலே திரும்புகிறதா என்று பாருங்கள். பெடல் சுழலும் அச்சுக் கம்பி காய்ந்து துருப்பிடித்தால் பெடல் பாதியிலேயே நின்றுவிடும், பாவம் சுவிட்ச் பழி சுமக்கும். அங்கே கிரீஸ் வைத்தாலே தீர்ந்துவிடும்.

தொல்லை என்று ஸ்பிரிங்கையே கழற்றி எறிந்துவிட்டு ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். பின்னால் வரும் லாரிக்காரருக்கு நீங்கள் நிற்கப் போவது எப்படித் தெரியும்?

இன்னொன்று. 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் எஞ்சின் ஓடும்போது ஹெட்லைட் எப்போதும் எரியும், கூடவே டெயில் லைட்டும் எரியலாம். அதைப் பார்த்து பிரேக் லைட் அணையவில்லை என்று பயந்துவிடாதீர்கள். பிரேக் பிடித்ததும் வெளிச்சம் கூடினால் எல்லாம் சரி.

ஸ்பிரிங்கை இழுத்தும் எரியவில்லை என்றால்

கப்ளரைக் கழற்றி, வண்டிப் பக்கம் உள்ள இரண்டு முனைகளையும் ஒரு சிறிய வயர் துண்டால் சேருங்கள். ஹோண்டா வழி வந்த வண்டிகளில் கறுப்பு ஒன்று, பச்சையில் மஞ்சள் கோடு போட்டது ஒன்று. மற்ற கம்பெனிகளில் நிறம் மாறும். இரண்டையும் ஒன்றோடு ஒன்றுதான் சேர்க்க வேண்டும். கரண்ட் உள்ள முனை ஃப்ரேமில் பட்டால் அந்த நொடியே ஃபியூஸ் போகும். போனால் அதே ஆம்பியரில் புதிது போடுங்கள், செப்புக் கம்பி சுற்றாதீர்கள்.

சேர்த்ததும் லைட் எரிந்தால் சுவிட்ச் செத்துவிட்டது, தாராளமாக மாற்றலாம். எரியவில்லை என்றால் வயர் எங்கோ விட்டிருக்கிறது. முன் பிரேக்குக்கு எரிவதால் விட்ட இடம் பெரும்பாலும் இந்தக் கப்ளருக்கு வரும் கிளையில்தான் இருக்கும். கப்ளருக்குள் பச்சை பூத்த டெர்மினல், ஃப்ரேமில் உரசித் தோல் போன இடம், இரண்டையும் முதலில் தேடுங்கள்.

புதுசு வாங்கப் போகும்போது பழைய சுவிட்சைக் கையோடு எடுத்துப் போங்கள், கப்ளர் வடிவமும் நீளமும் ஒத்துப் பார்க்க வேண்டும். கழற்றும் முன் நட்டு நிற்கும் இடத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவிட்டால் புதியதை ஏறக்குறைய அதே உயரத்தில் மாட்டலாம். ஸ்பிரிங்கும் புதிதாகவே போடுங்கள். பழையது தளர்ந்திருந்தால் எவ்வளவு அட்ஜஸ்ட் செய்தாலும் நிற்காது. மாட்டிய பிறகு குண்டும் குழியுமான ரோட்டில் ஒரு நடை ஓட்டிவிட்டு வந்து, நட்டு இறங்கவில்லையே என்று ஒருமுறை விரல் வைத்துப் பாருங்கள்.